இடது காது மட்டும்

அத்தியாயம் 12

சாருலதா தனியாக டாக்டரிடம் வந்தது அன்றுதான் முதல் தடவை.

இத்தனை மாதமும் கூட யாராவது வருவார்கள். பெரும்பாலும் தங்கை மைத்ரேயி, எப்போதாவது கணவன் ஷ்ரவண். டாக்டர் பேசுவார், கூட வந்தவர் கேட்டுக்கொள்வார். பிறகு கேட்டதைச் சுருக்கி சாருலதாவின் போனில் தட்டிக் காட்டுவார்கள். அவள் படித்துவிட்டுத் தலையாட்டுவாள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, கடைசி பெஞ்சில் யார் கிசுகிசுத்தாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட டீச்சருக்கு, இப்போது உலகம் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

இன்று மைத்ரேயிக்குக் கல்யாணப் புடவை எடுக்கும் நாள். தி. நகரில் கடை திறந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கோமளம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஷ்ரவணுக்கு ஆபீஸில் ஆடிட். ஸ்கேன் ரிசல்ட்டைப் பொங்கல் கழித்து வாங்கிக்கொள்ளலாமே என்று இருவரும் சொல்லிப் பார்த்தார்கள். சாருலதா கேட்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து அடையாறு என்ன காதவழியா? ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

போன கோடையில் ஒரு காலை, வலது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. சில வாரங்களில் இடது காதும் அதே வழியில் போனது. நடந்தால் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வகுப்பில் பையன் பதினாறு என்றால் அவளுக்குப் பதினேழு என்று விழுந்தது, தப்பு என்று உட்கார வைத்தாள், வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பும் அவளுக்குக் கேட்கவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தவள் இன்னும் பள்ளிக்கூடம் திரும்பவில்லை.

நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி, காதின் உள்பாகத்தை எதிரி என்று நினைத்துக்கொண்டு அடிக்கிறதாம். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் கொஞ்சம் கேட்கும், முகம் பூரிபோல் உப்பும், தூக்கம் போகும். மாத்திரையைக் குறைத்தால் கேட்டதும் போகும். இப்போதெல்லாம் நல்ல நாளில் மட்டும், இடது காதருகே யாராவது உரக்கப் பேசினால், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது மாதிரி ஏதோ கேட்கும்.

டாக்டர் நெடுஞ்செழியன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வயதானவர். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டுவார். கூட யாரும் வரவில்லையா என்று தட்டினார்.

"இன்னிக்கு நான்தான் டாக்டர். என்கிட்டயே சொல்லுங்கோ," என்றாள் சாருலதா.

அவர் ஸ்கேன் படத்தை ஒளிப்பலகையில் மாட்டினார். காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள், ஒலி அங்கேதான் உணர்வாக மாறுகிறது என்பதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். அவர் பேனா முனையால் வலப்பக்கச் சுருளைத் தொட்டுக் காட்டினார். அங்கே சுருளே இல்லை. சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரே வெள்ளையாக இருந்தது.

அவர் தட்டத் தட்ட அவள் படித்துக்கொண்டே வந்தாள். அழற்சி அடங்கிய இடத்தில் எலும்பு வளர்ந்துவிட்டது. வலது காது முழுக்க மூடிக்கொண்டது. காக்ளியர் இம்பிளான்ட் என்பது அந்தச் சுருளுக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி நரம்பைத் தூண்டும் கருவி. கம்பி நுழைய வலது காதில் இனி இடமில்லை.

"இடது?" என்று கேட்டாள்.

இடது பக்கமும் அடிச்சுருளில் ஆரம்பித்துவிட்டது என்று அவர் தட்டினார். இன்னும் ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கம்பி போய்விடும் என்று நம்பலாம். இன்னும் ஒரு மாதம் விட்டால் உத்தரவாதம் இல்லை. அது மட்டுமல்ல, கம்பியைச் செலுத்தும்போது இடது காதில் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விட வாய்ப்பு அதிகம். புண் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் கருவியை முடுக்குவார்கள். அதுவரை இரண்டு காதும் அடியோடு கிடையாது. முடுக்கிய பிறகும் மனிதக் குரல் முதலில் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பழகப் பழக மூளை கற்றுக்கொள்ளும்.

சாருலதா மனசுக்குள் கணக்குப் போட்டாள். தங்கையின் கல்யாணம் தை மாதம் முதல் முகூர்த்தத்தில். தாலி கட்டும்போது கெட்டி மேளம் அவளுக்கு ஒரு துளியும் விழாது. சரி, போகட்டும். கேட்காத நாகஸ்வரத்துக்காக யாராவது காதை விடுவார்களா?

"வலது காது மூடிக்கறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணியிருக்க முடியாதா டாக்டர்? ஏன் முன்னாடியே சொல்லலை?"

அவர் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு வழக்கத்தைவிட மெதுவாகத் தட்டினார்.

'தீபாவளிக்கு முன்னாடியே சொன்னேனே அம்மா. அப்போ ரெண்டு காதிலும் வைக்க முடியும்னு இருந்தது. எலும்பாக ஆரம்பிச்சிருக்கு, தாமதிக்க வேண்டாம்னேன். நீங்களும் உங்க தங்கையும் வந்திருந்தீங்க. குடும்பத்தில் பேசிட்டு வர்றோம், கல்யாணம் இருக்குன்னு தங்கை சொன்னாங்க.'

சாருலதா இரண்டு தடவை படித்தாள்.

அவர் இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

'உங்களுக்கும் சம்மதம்னு நினைச்சேன். நீங்க தலையாட்டினீங்க.'

அன்று வெளியே மழை கொட்டியது அவளுக்கு நினைவிருந்தது. டாக்டர் வெகுநேரம் பேசினார். மைத்ரேயி ஏதேதோ கேட்டாள், நடுவில் மூக்கை உறிஞ்சினாள், எழுந்து வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்தாள். அவ்வளவு நேரமும் சாருலதா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். கடைசியில் மைத்ரேயி போனைத் தட்டி நீட்டினாள். 'மாத்திரையே தொடரலாமாம் அக்கா. மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு சொல்றார்.' படித்துவிட்டு அவள் டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள். நன்றி என்றுகூடச் சொன்னாள்.

எந்த ரகசியத்தையும் அவளிடமிருந்து யாரும் கதவைச் சாத்திக்கொண்டு மறைக்கவில்லை. அவள் கண் முன்னால், அவள் காதருகே வைத்தே பேசி முடித்திருக்கிறார்கள்.

டாக்டர் திரும்பவும் தட்டினார். உங்களுக்கு நேராக எழுதிக் காட்டியிருக்க வேண்டும், அது என் தப்பு என்று. அவள் திங்கட்கிழமை ஆபரேஷன் தியேட்டர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். கிடைக்கும் என்றார். அதற்கு முன் போடவேண்டிய தடுப்பூசியை அன்றே போட்டு அனுப்பினார்கள்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறி தி. நகர் என்றாள். டிரைவர் திரும்பி ஏதோ சொன்னார். பேசுவதை எழுத்தாக்கும் ஆப்பைத் திறந்து போனை நீட்டினாள். 'பாண்டி பஜார் ஒன்வே கீதா சுத்தி குனிந்து தான் போவணும்' என்று வந்தது. வேறொரு நாளாக இருந்தால் வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருப்பாள். டிரைவர் சொன்ன 'கீது' கீதாவாகவும் 'சுத்திக்கினு' சுத்தி குனிந்தாகவும் ஆகிவிட்டது என்று மைத்ரேயிதான் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மைத்ரேயி.

அம்மா போனபோது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். சாருலதாவுக்குக் கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பவில்லை. புக்ககத்துக்குத் தங்கையை அழைத்துவரத் தயங்கியபோது, ஷ்ரவண்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவள் பெட்டியையும் சைக்கிளையும் எடுத்துவந்து இறக்கினான். அன்று முதல் அவள்தான் இந்த வீட்டுக் குழந்தை. சாருலதாவுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

அந்த மைத்ரேயியா?

மாப்பிள்ளை வீட்டுக்குக் காது விஷயம் தெரியவேண்டாம் என்று முதலில் சொன்னது சாருலதாதான். பரம்பரை வியாதியோ, நாளைக்குப் பெண்ணுக்கும் வருமோ என்று கேள்வி கிளம்பும். அதனால் கோமளம் மாமி வரும்போதெல்லாம் இவள் சிரித்துத் தலையாட்டிச் சமாளிப்பாள், மைத்ரேயி நடுவில் புகுந்து பதில் சொல்லிவிடுவாள். கல்யாணம் முடியும்வரை ஒரு நாடகம். ஆனால் காதை மறைப்பது ஒன்று, காதையே பலி கொடுப்பது வேறு. தலையில் கட்டோடு ஒருத்தி மணமேடையில் நின்றால் படம் கெட்டுவிடும் என்று நினைத்தாளா?

நந்தனம் சிக்னலில் ஆட்டோ நின்றிருந்த நேரமெல்லாம் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. பாண்டி பஜாரைச் சுற்றி ஆட்டோ கடை வாசலில் நின்றதும், காசைக் கொடுத்துவிட்டு நேரே உள்ளே போனாள்.

பட்டுப் பிரிவு மாடியில். தரையில் விரித்த வெள்ளைத் துணியில் அரக்கும் மாம்பழ மஞ்சளுமாகப் புடவைகள் மலர்ந்து கிடந்தன. மைத்ரேயி தோளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தாள். கோமளம் மாமி நாற்காலியில் சாய்ந்து, கரையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாருலதாவைக் கண்டதும் சிரித்து ஏதோ சொன்னாள். வழக்கம்போல் மைத்ரேயி முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் என்று சாருலதா அப்போதுதான் கவனித்தாள்.

தங்கையின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"தீபாவளிக்கு முன்னாடி டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னார்?"

மைத்ரேயியின் முகத்திலிருந்த நிறம் இறங்கியது. தங்கையின் உதடுகளைப் படிக்க சாருலதாவுக்குச் சிரமமே கிடையாது. "இங்க வேண்டாம் அக்கா," என்றன அவை.

"இங்கதான். என் முன்னாடிதானே சொன்னார்? அதே மாதிரி இப்பவும் நாலு பேர் முன்னாடி சொல்லு."

தன் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று சாருலதாவுக்குத் தெரியாது. புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கை நிறுத்தித் திரும்பியதைப் பார்த்துத்தான் ஊகித்தாள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. வலது காது முடிந்துபோயிற்று என்றாள். இனி எந்தக் காலத்திலும் திறக்காது என்றாள். உன் கல்யாணப் படத்தில் நான் அழகாக இருக்கவேண்டும் என்பதற்கா என்று கேட்டாள்.

மைத்ரேயி வாயைத் திறந்தாள், மூடினாள், யாரையோ தேடுவதுபோல் மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். அவள் மறுக்காததுதான் சாருலதாவைத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை எங்கோ ஓர் ஓரத்தில், அவள் இல்லை என்று சொல்லிவிடமாட்டாளா என்று இருந்தது.

"அம்மா போன அன்னிக்கே உன்னை எங்கயாவது ஹாஸ்டல்ல தள்ளிட்டு என் வேலையை நான் பார்த்திருக்கணும்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அவளுக்கே உறைத்தது.

மைத்ரேயி தோளிலிருந்த புடவையை எடுத்தாள். கீழே போடவில்லை. நிதானமாக இரண்டாக மடித்து மேஜை மேல் வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டே ஏதோ சொன்னாள். குனிந்த உதடுகளைப் படிக்க முடியவில்லை. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

கோமளம் மாமி எழுந்து வந்தாள். பதறவில்லை. சாருலதாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் கையிலிருந்த போனைக் காட்டிக் கேட்டு வாங்கினாள். ஆப் திறந்தே இருந்தது. மாமி போனை வாயருகே பிடித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

'மைத்ரேயியைத் திட்டாதே சாரு. உன் காது விஷயம் எங்களுக்கு நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே தெரியும். அவளேதான் சொன்னா.'

சாருலதா நிமிர்ந்து பார்த்தாள். மாமி தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

'எங்களுக்குத் தெரியும்னு காட்டிக்க வேண்டாம்னு கேட்டுண்டா. உனக்கு சங்கடமா இருக்குமாம். டாக்டர் ஆபரேஷன்னு சொன்னதையும் அவ சொன்னதும், முதல்ல அக்காவுக்கு அது ஆகட்டும், முகூர்த்தத்தை மாசிக்குத் தள்ளிக்கலாம்னு நாங்கதான் சொன்னோம். உங்காத்துக்காரர் போன் பண்ணி வேண்டாம்னார். ஆபரேஷனே வேண்டாம்னு நீ சொல்லிட்டதா சொன்னார்.'

கடைசி வரியில் ஏதோ எழுத்துப்பிழை இருக்கவேண்டும் என்றுதான் சாருலதா முதலில் நினைத்தாள். இந்த ஆப்பை நம்ப முடியாது, கீதுவைக் கீதா ஆக்குகிற ஆப். போனை மாமியிடம் திருப்பி நீட்டி, மறுபடி சொல்லச் சொன்னாள். மாமி மறுபடி சொன்னாள். வரி மாறவில்லை.

அப்போது ஷ்ரவண் மாடிப்படியில் ஏறி வந்தான். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தான், ஆடிட்டில் வெகுநேரம் ஆகிவிட்டது. ஆபீஸ் அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. ஏறும்போதே சிரித்துக்கொண்டுதான் வந்தான். மேல் படியில் நின்று மனைவியின் முகத்தைப் பார்த்தான், கோமளம் மாமியைப் பார்த்தான், மேஜை மேல் மடித்து வைத்திருந்த புடவையைப் பார்த்தான். சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

அவளும் ஷ்ரவணும் காரில் ஏறினார்கள். ஓடும் வண்டியில் பேச்சு அவளுக்குப் பயனில்லை. ஓட்டிக்கொண்டிருப்பவனின் வாயை அவளால் படிக்க முடியாது, அவனால் போனைத் தட்ட முடியாது. லஸ் கார்னர் தாண்டி, வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தபோது அவள் நேரே போகச் சொல்லிக் கைகாட்டினாள்.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சாலையோரம் மீன் விற்கும் பெண்கள் பலகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஷ்ரவண் வண்டியை நிறுத்தினான். அவன் போனை எடுக்கப் போனபோது அவள் தடுத்தாள்.

"தட்டாதே. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. படிச்சுக்கறேன்."

அவன் ஸ்டீயரிங்கை விட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பல தடவை ஆரம்பித்து நிறுத்தினான். அவன் சொன்னதை அவள் இப்படிப் புரிந்துகொண்டாள்.

தீபாவளிக்கு முன்னால் டாக்டரைப் பார்த்த அன்று காலையில் ஸ்டீராய்டு கொஞ்சம் வேலை செய்திருந்தது. குளியலறையிலிருந்து அவன் துண்டு கேட்டுக் கத்தியது அவளுக்குக் கேட்டுவிட்டது. துண்டோடு ஓடி வந்து, கேட்டது கேட்டது என்று குதித்தாள். அன்று மத்தியானம் மைத்ரேயி ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து போன் செய்தாள். ஆபரேஷன் செய்தால் மிச்சமிருப்பதும் போய்விடுமாம் அத்திம்பேர் என்று அழுதாள். காலையில் குதித்தவளிடம் அதைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. மருந்திலேயே சரியாகிவிடும், மூன்று மாதம் பார்க்கலாம், அக்காவிடம் இப்போது எதுவும் சொல்லாதே என்று மைத்ரேயியிடம் சொன்னான். அவள் முடியாது என்று எவ்வளவோ மன்றாடினாள். உன்னை இந்த வீட்டுக்கு அழைத்துவந்தவன் கேட்கிறேன் என்று சொல்லி அவள் வாயைக் கட்டினான்.

"எலும்பாயிடும்னு டாக்டர் சொன்னதையும் சொன்னாளா?"

"சொன்னா."

"அப்புறம்?"

"அவ்வளவு சீக்கிரம் ஆகும்னு நினைக்கலை சாரு."

"மாமிகிட்ட நான் வேண்டாம்னு சொன்னதா சொன்னியே?"

அவன் கண்ணைத் தாழ்த்தினான். முகத்தை நிமிர்த்தச் சொன்னாள். நிமிர்த்தினான்.

"அவா கல்யாணத்தையே தள்ளிவைக்கறதாச் சொன்னா. வேற என்ன காரணம் சொல்றதுன்னு தெரியலை. எனக்குப் பயமா இருந்தது. நீ என் குரலைக் கேட்கற அந்தக் கொஞ்ச நஞ்சமும் போயிட்டா..."

மீதி சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. அவன் பொய்க்குள் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதும் புரிந்தது. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது. கெட்டவன் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம்.

"காது யாருது ஷ்ரவண்?"

அவன் கை மறுபடி ஸ்டீயரிங்கைத் தேடிப் போயிற்று.

"பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எனக்கும் பயமா இருக்குன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ராத்திரி அழுதிருப்போம். மறுநாள் போய்ப் பண்ணிண்டிருப்போம். இப்ப எனக்கு ரெண்டு காதுலயும் மெஷின் இருந்திருக்கும். எந்தப் பக்கத்திலேர்ந்து யார் கூப்பிடறான்னு தெரிஞ்சிருக்கும்."

ஷ்ரவண் அழுதான். பெரிய உடம்பு குலுங்குவது, சத்தமில்லாத படம்போல் அவள் முன்னால் நடந்தது. அவளுக்குத் தொடவேண்டும் என்று தோன்றியது. தொடவில்லை. அவன் அழுகை அடங்கியதும் அவள் இடது காதருகே குனிந்தான், பழைய வழக்கப்படி. ஆபரேஷன் ஆனால் அந்தக் காதுக்கு அவன் குரல் எந்த உருவத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வார்த்தையாவது இப்போது சொல்லிவிட நினைத்திருக்கலாம்.

சாருலதா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவன் வாயருகே இப்போது வலது காது இருந்தது.

அவன் சொல்ல வந்ததைச் சொல்லாமலே நிமிர்ந்தான்.

திங்கட்கிழமை ஆபரேஷன் என்று அவள் தெரிவித்தாள். அனுமதி கேட்கும் தொனி அதில் இல்லை. தலையில் கட்டோடு கல்யாணத்தில் நிற்பேன் என்றாள். வேண்டுமானால் நீயும் ஆஸ்பத்திரிக்கு வரலாம், ஆனால் டாக்டர் எதைச் சொன்னாலும் எனக்கு எழுதிக் காட்டட்டும், உன்னிடம் சொல்லவேண்டாம் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அவள் போனை எடுத்து மைத்ரேயிக்கு எழுதினாள். 'தெரியாமல் பேசிட்டேன்டி. ஆத்துக்கு வா.' போய்ச் சேர்ந்த அடையாளம் வரவில்லை. 'எங்கே இருக்கே?' அதற்கும் வரவில்லை. ஒற்றைக் குறியோடு இரண்டும் நின்றன. கோமளம் மாமியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. மைத்ரேயி கடைக்குத் திரும்பி வரவில்லை, தன் பிள்ளை போன் செய்தாலும் எடுக்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று.

வீட்டில் அவள் இல்லை. அவள் அறையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் மஞ்சள் தடவிக் காய்ந்துகொண்டிருந்தன. கட்டிலில் காலையில் அவிழ்த்துப்போட்ட சுடிதார் அப்படியே கிடந்தது. சாருலதா மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க இறங்கி வந்தாள். படிகள் சாய்ந்தன. கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

சாதாரண மனுஷியாக இருந்தால் போன் போட்டுப் பார்ப்பாள். எடுக்கும்வரை போடுவாள், எடுத்ததும் மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டே எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வாள். அந்த ஒன்றைத்தான் அவளால் செய்ய முடியாது.

"நீ போடு," என்றாள் ஷ்ரவணிடம்.

அவன் போட்டான், காதில் வைத்துக் காத்திருந்தான், திரும்பவும் போட்டான். கூடத்து விளக்கு இன்னும் ஏற்றவில்லை. அவள் எழுந்து ஏற்றினாள், அவன் முகம் தெரியவேண்டும் என்பதற்காக.

மூன்றாவது தடவை அவன் உடம்பு விறைத்தது. எடுத்துவிட்டாள்.

அவன் "மைத்ரேயி" என்றான். பிறகு அவன் உதடு அசையவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டான். ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டான். நடுவில் ஒரே ஒரு தடவை "வேண்டாம்மா, நான் சொல்றதைக் கேளு," என்றான். அதற்குப் பிறகும் அந்தப் பக்கத்தில் பேச்சு நீண்டது. சாருலதா அவன் புஜத்தை உலுக்கினாள். அவன் ஒரு விரலைத் தூக்கிப் பொறு என்றான். அவளால் பொறுக்க முடியவில்லை.

போனைக் கீழே இறக்கினான்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லை. வந்துடறேன்னா."

உதடுகள் பளிச்சென்று சொல்லின. அந்த வாயை அவள் இத்தனை வருஷமாகப் பார்த்துப் பழகியவள், ஓர் எழுத்துகூடத் தப்பாது.

"அவ்வளவு நேரம் பேசினாளே."

"அதான் சாரு. கோபமா இருந்தா. வந்துடுவா."

சாருலதா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையாக இருக்கலாம். உண்மையாகவே மைத்ரேயி அழுது தீர்த்துவிட்டு வந்துகொண்டிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தங்கை சொன்ன வார்த்தை ஒன்றுகூட மாறாமல் இந்த மனுஷன் காதுக்குள் இருக்கிறது. அங்கிருந்து அதை எடுக்க அவளுக்கு வழி கிடையாது.

செருப்பை மாட்டிக்கொண்டு கைப்பையை எடுத்தாள்.

"அவ என்ன சொன்னான்னு நீ சொல்லவேண்டாம். அவ வாயைப் பார்த்தே நான் தெரிஞ்சுக்கறேன். எங்க இருக்கா? அதை மட்டும் சொல்லு."

ஷ்ரவண் வாயைத் திறந்தான். சொன்னால் அவள் படித்துவிடுவாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான்.